அம்மாவுக்கு 71 வயது, நான்கு வருட இடுப்பு வலி. வலி மாத்திரை இல்லாமல் என்ன செய்யலாம்?

கோபி தோட்டத்துக்காரன்

வணக்கம்ங்க. கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

அம்மாவுக்கு 71 வயது. கோபிப் பக்கம் தோட்டத்துச் சாளையில் அப்பாவும் அவரும் மட்டும்தான். நான் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, சனிக்கிழமை ராத்திரி போய்த் திங்கள் விடியக் கிளம்பி வந்துவிடுவேன். அம்மாவுக்கு இடுப்பு வலி வந்து நான்கு வருடம் ஆகிறது. நாற்பது வருடம் மஞ்சள் காட்டில் களை எடுத்து, தட்டு அறுத்துச் சுமந்து, பால் கறந்த உடம்பு. முதலில் தைலம் தேய்த்துச் சமாளித்தார், அப்புறம் மாத்திரை. ஒன்றரை வருடம் வலி மாத்திரை போட்டிருக்கிறார், நடுவில் எங்களுக்குத் தெரியாமல் மருந்துக்கடையில் கேட்டு வாங்கியும் போட்டிருக்கிறார். போன தை மாதம் ரத்தம் பரிசோதித்ததில் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியாட்டினின் ஏறியிருக்கிறது, இனி அந்த மாத்திரையைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சர்க்கரையும் பிரஷரும் வேறு இருக்கின்றன.

எம்ஆர்ஐ எடுத்தோம். இடுப்புப் பக்கம் எல்4-எல்5 டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கிற தட்டு) பிதுங்கியிருக்கிறது, தேய்மானம் என்று எழுதியிருந்தது. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அந்தப் படத்தைப் பார்த்த கையோடு ஆபரேஷனுக்குத் தேதி கேட்டார்கள், அம்மா அன்றைக்கு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. வேறொரு இடத்தில் பத்து நாள் எடை கட்டி இடுப்பை இழுக்கிற டிராக்‌ஷன் வைத்தார்கள், கேட்கவில்லை. இடுப்பு பெல்ட் வாங்கிக் கொடுத்தோம், ஒன்றரை வருடமாகக் குளிக்கிற நேரம் தவிரக் கழற்றுவதே இல்லை. குனியக் கூடாது, தூக்கக் கூடாது என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொன்னதால் ஆடி மாதம் இரண்டு மாட்டையும் கருங்கல்பாளையம் சந்தையில் கொடுத்துவிட்டேன். அவருக்கு வேலை குறையட்டும் என்றுதான் கொடுத்தேன். ஆனால் அதற்கப்புறம்தான் வலி அதிகமாகிவிட்டது, இப்போது பொழுதுக்கும் கட்டில்தான், வீட்டுக்குப் பின்னால் பொடக்காளிக்குப் போய்வருவதோடு சரி.

மாத்திரையும் இல்லாமல், ஆபரேஷனும் இல்லாமல் வேறு வழி இருக்கிறதா? அக்குபஞ்சர், எண்ணெய்த் தேய்ப்பு, நடை என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். வெறும் தரையில் படுக்கச் சொல்கிறார்கள். எதை நம்புவது என்று தெரியவில்லை.

தறிக்காரர், சோமனூர்

தம்பி, எனக்கு 66. நாற்பது வருடம் தறியோடு நின்றவன். ஐந்து வருடத்துக்கு முன்னால் இடுப்பு பிடித்தபோது ஒருத்தர் பேச்சைக் கேட்டு மூன்று வாரம் படுத்தே கிடந்தேன். படுக்கப் படுக்க வலி குறையும் என்று நினைத்தேன், எழுந்தபோது கால் இரண்டும் வலுவில்லாமல் துணி மாதிரி இருந்தது, பாத்ரூமுக்கே சுவரைப் பிடித்துத்தான் போனேன். அந்த மூன்று வாரத்தை நினைத்து இன்றைக்கும் வருத்தப்படுகிறேன், யாரும் அப்படிப் படுக்க வேண்டாம்.

எனக்குக் கைகொடுத்தது நடைதான். முதல் நாள் வீட்டு வாசலில் இருந்து மூன்றாவது வீடு வரைக்கும், திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன், ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. சாயங்காலம் மறுபடியும் அதே தூரம். வலிக்கிற வரைக்கும் நடக்கக் கூடாது, கடிகாரத்தைப் பார்த்து நடக்க வேண்டும், இதைத்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். உடம்பு நன்றாக இருக்கிற நாளில் துணிந்து இரண்டு மைல் நடந்துவிட்டு மக்யா நாள் சுருண்டு கிடப்போமே, அந்தத் தப்பை நான் நாலைந்து தடவை செய்திருக்கிறேன். நல்ல நாளிலும் அதே அளவு, கெட்ட நாளிலும் முடிந்தால் அதே அளவு, வாரத்துக்கு ஒரு நிமிடம் இரண்டு நிமிடம் கூட்ட வேண்டும். நாலு மாசத்தில் அரை மணி நேரம் வந்தது.

மாட்டைக் கொடுத்திருக்க வேண்டாம் தம்பி. நல்ல மனதோடு செய்தீர்கள், தெரிகிறது. இருந்தாலும் சொல்லத் தோன்றுகிறது.

பிசியோ, ஈரோடு

நான் பதினாறு வருடமாக பிசியோதெரபிஸ்ட் ஆக இருக்கிறேன், வருகிறவர்களில் பாதிக்கு மேல் உங்கள் அம்மா மாதிரி வேலை செய்து தேய்ந்தவர்கள்தான். நேரில் பார்க்காமல் எதையும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது, அதனால் முதலில் சில கேள்விகள். சிறுநீர், மலம் கட்டுப்பாடு இல்லாமல் போகிறதா? உட்காரும் இடத்தில் மரத்துப் போகிறதா? கால் பாதம் தூக்க முடியாமல் இழுபடுகிறதா? காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு, ராத்திரி படுத்தாலும் அடங்காத வலி, முன்பு எப்போதாவது புற்றுநோய் அல்லது டிபி, சமீபத்தில் விழுந்தது, இதில் ஏதாவது இருக்கிறதா? முதல் மூன்றில் ஒன்று இருந்தாலும் இன்றைக்கே ஆஸ்பத்திரி, மற்றது இருந்தால் இந்த வாரத்துக்குள் டாக்டர். எதுவும் இல்லையென்றால் தைரியமாக மேலே படியுங்கள்.

அந்த எம்ஆர்ஐ வாசகத்தைப் பார்த்து அம்மா பயந்திருப்பார். வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்த ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் ஒரு கட்டுரை வந்தது. 80 வயதில் வலி இல்லாதவர்களிலேயே 96 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம், 84 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம். 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்குத் தேய்மானம் இருந்தது. தலை நரைக்கிற மாதிரி முதுகெலும்பும் நரைக்கிறது என்று நான் வயதானவர்களிடம் சொல்வேன். படத்தில் தேய்மானம் இருப்பதால் மட்டும் அசையக் கூடாது என்று ஆகாது. இதை அம்மாவிடம் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "முதுகு உடைந்துவிடும்" என்ற பயத்திலேயே உடம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள், அந்த இறுக்கமே தனி வலி.

பெல்ட், டிராக்‌ஷன் இரண்டையும் பற்றி. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிற, குறிப்பிட்ட வேறு நோய் எதுவும் காரணமாக இல்லாத இடுப்பு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வழிகாட்டுதல் வெளியிட்டது, வயதானவர்களுக்கும் சேர்த்துத்தான். அதில் பெல்ட்டையும் டிராக்‌ஷனையும் வழக்கமான சிகிச்சையாகக் கொடுக்க வேண்டாம் என்றே இருக்கிறது. அல்ட்ராசவுண்ட் ஒத்தடமும், கரண்ட் வைப்பது என்று நம் ஊரில் சொல்கிறார்களே அந்த டென்ஸ் கருவியும் அதே வேண்டாம் பட்டியலில்தான். எங்கள் தொழிலிலேயே பல இடங்களில் இன்னமும் அதைத்தான் பத்து நாள், பதினைந்து நாள் என்று வைத்துக் காசு வாங்குகிறார்கள், இதை நான் வருத்தத்தோடு சொல்கிறேன். வேண்டும் என்று சொல்லியிருப்பவை: வலியைப் பற்றிப் புரியவைப்பது, உடற்பயிற்சி, மசாஜ், மனம் சார்ந்த சிகிச்சை, இப்படி.

பெல்ட்டை ஒரே நாளில் பிடுங்காதீர்கள். முதல் வாரம் கட்டிலில் இருக்கும்போது மட்டும் கழற்றட்டும், அப்புறம் காலையில் ஒரு மணி நேரம், அப்படியே குறைத்துக்கொண்டு வாருங்கள்.

பயிற்சிக்கு ஜிம்மெல்லாம் வேண்டாம். கட்டில் விளிம்பிலோ உயரமான நாற்காலியிலோ உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து நிற்பது, மெதுவாகத் திரும்ப உட்காருவது. முடியாவிட்டால் முதலில் கையை ஊன்றியே செய்யட்டும். ஐந்து தடவை, காலை மாலை. இது ஒன்றே தொடைக்கும் பிட்டத்துக்கும் பெரிய வேலை, வயதானவர்களுக்கு ஒரே ஒரு பயிற்சிதான் சொல்லலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். அடுத்து மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பை மட்டும் தூக்குவது, மூச்சைப் பிடிக்காமல், வாய்விட்டு எண்ணிக்கொண்டே. செய்யும்போது லேசாக வலி கூடுவது தப்பில்லை. மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அளவு சரி, வராவிட்டால் பாதியாகக் குறையுங்கள். ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும் மாற்றம் தெரிய. பலரும் மூன்றாவது வாரத்தில் விட்டுவிடுகிறார்கள்.

ஒரு கேள்வி மட்டும் முக்கியமானது. நடக்கும்போது கால் கனத்து, கெண்டைக்கால் இழுத்து, உட்கார்ந்தால் அல்லது முன்னால் சாய்ந்தால் சரியாகிறதா?

காங்கயம் மருமகள்

எண்ணெய்த் தேய்ப்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள், அதனால் எழுதுகிறேன். என் மாமியாருக்கு 74. இடுப்புப் பிடிப்பு என்று பக்கத்து ஊரில் சுளுக்கு எடுக்கிற ஒருவரிடம் கூட்டிப் போனோம். தடவிக் கொடுத்தவரைக்கும் நன்றாகத்தான் இருந்தது, கடைசியில் நெட்டி எடுக்கிறேன் என்று குப்புறப் படுக்கவைத்து முதுகில் முழங்காலை வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். அத்தை கத்திய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. எக்ஸ்ரேயில் முதுகெலும்பில் ஒரு எலும்பு நசுங்கியிருந்தது. அவருக்கு எலும்பு மெலிவு நோய் இருந்தது எங்களுக்கு அதற்கு முன்னால் தெரியவே தெரியாது.

அதனால் வயதான பொம்பளைகளை அழுத்தி முறிக்க, நெட்டி எடுக்க விடாதீர்கள். எலும்பு அடர்த்தி பார்க்க டெக்ஸா என்று ஒரு சோதனை இருக்கிறது, ஒருமுறை எடுத்துவிடுங்கள். மெதுவாகத் தடவுகிற தேய்ப்பு தப்பில்லை, நானே இப்போது அத்தைக்கு நல்லெண்ணெயை வெதுவெதுப்பாகக் காய்ச்சித் தடவிவிடுகிறேன், அந்தக் கால் மணி நேரம் இருவரும் பேசிக்கொண்டிருப்போம், அன்றைக்கு நன்றாகத் தூங்குவார். சுடுதண்ணி ஒத்தடம் கொடுத்தால் உங்கள் கையை வைத்துச் சூடு பாருங்கள், சர்க்கரைக்காரர்களுக்குத் தோல் மரத்திருந்தால் சுட்டதே தெரியாது.

கோபி தோட்டத்துக்காரன்

எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. ஞாயிற்றுக்கிழமை அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். பிசியோ அக்கா சொன்ன ஆபத்தான அறிகுறி எதுவும் இல்லை. ஆனால் கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்கிறார். வாசலில் இருந்து மாடு கட்டியிருந்த தொண்டுப்பட்டி வரைக்கும் போனால் இரண்டு காலும் கனத்துவிடுகிறது, திட்டில் உட்கார்ந்தால் சித்த நேரத்தில் சரியாகிவிடுகிறது. கடைக்கு வரும்போது தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் ஒன்றும் செய்வதில்லை என்றும் சொன்னார். இதை இத்தனை நாளாக யாரும் கேட்கவுமில்லை, அவரும் சொல்லவில்லை.

மாட்டைப் பற்றியும் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் சொன்னார், "மாடு இருந்தப்ப வலிச்சாலும் விடியால எந்திரிச்சே ஆகோணும். இப்ப எதுக்கு எந்திரிக்கறதுன்னு இருக்குது கண்ணு." எனக்கு அதற்கப்புறம் அங்கே உட்கார முடியவில்லை, எழுந்து வெளியே போய்விட்டேன்.

பிசியோ, ஈரோடு

தள்ளுவண்டி விஷயத்தைக் கேட்டது ரொம்ப நல்லது. அது தண்டுவட நரம்புகள் போகிற பாதை குறுகியிருப்பதன் அடையாளமாக இருக்கலாம், ஸ்டெனோசிஸ் என்று சொல்வார்கள். முன்னால் சாயும்போது அந்தப் பாதை கொஞ்சம் விரிகிறது, நிமிர்ந்து நிற்கும்போது சுருங்குகிறது. சர்க்கரைக்காரர் என்பதால் காலில் ரத்த ஓட்டமும் நன்றாக இருக்கிறதா என்று டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்கள், ரத்தக்குழாய் அடைப்பிலும் நடந்தால் கால் வலிக்கும், நின்றாலே போய்விடும். ஸ்டெனோசிஸ்தான் என்று உறுதியானாலும் உடனே கத்தி என்று அர்த்தமில்லை, கால் பலவீனமாகாமல் இருக்கிறவரை பயிற்சியோடு போகலாம்.

இதனால் நடை முறையை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு நிமிடம் நடை, கால் கனக்க ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே உட்கார்ந்து ஓய்வு, மறுபடி இரண்டு நிமிடம். வழியில் நான்கு இடத்தில் உட்கார நாற்காலி போட்டு வையுங்கள். முன்னால் பிடித்துத் தள்ளுகிற வாக்கர் கிடைத்தால் இன்னும் நல்லது. உட்கார்ந்து மிதிக்கிற சின்னப் பெடல் கருவி இருக்கிறது, இந்த மாதிரி ஆட்களுக்கு சைக்கிள் மிதிப்பது நடையைவிட எளிதாக இருக்கும். முதுகைப் பின்னால் வளைக்கிற பயிற்சி எதுவும் வேண்டாம். டெக்ஸாவில் எலும்பு மெலிவு தெரிந்தால் குனிந்து காலைத் தொடுகிற பயிற்சியும் கூடாது.

வெறும் தரை வேண்டவே வேண்டாம். ஸ்பெயினில் 313 பேரிடம் ஒப்பிட்டுப் பார்த்து 2003இல் வெளியிட்டார்கள், கெட்டி மெத்தையைவிட நடுத்தரக் கெட்டி உள்ள மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி குறைந்திருந்தது. தரையில் இருந்து எழுவது எழுபது வயதில் தனிப் பாடு, ராத்திரி விழுந்துவிடுவார்கள்.

வாராவாரம் ஈரோட்டுக்குக் கூட்டிவர வேண்டாம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் ஆரம்பித்ததில் இருந்து வீட்டுக்கு வந்து பிசியோ பார்ப்பதும் அதில் சேர்த்திதான். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்து கேளுங்கள்.

அம்மா சொன்ன வார்த்தையை நான் இரண்டு தடவை படித்தேன். அவருக்கு எழுந்திருக்க ஒரு காரணம் வேண்டும், நான் எழுதிக் கொடுக்கிற எந்தப் பயிற்சித் தாளும் அதைக் கொடுக்காது. பழையபடி இரண்டு கறவை மாடு, தட்டுச் சுமை என்று போக வேண்டாம். ஆனால் இரண்டு ஆட்டுக்குட்டி? ஒரு கோழி அடை? தழை ஒடித்துப் போட, தண்ணீர் வைக்க, அவரே போய்ப் பார்க்கும்படி. தண்ணீரைக் குடத்தில் இடுப்பில் வைக்காமல் இரண்டு கையிலும் சின்ன வாளியாகப் பிரித்துத் தூக்கட்டும்.

பொள்ளாச்சி டீச்சர்

எனக்கு 69, ஆறு வருட இடுப்பு வலி. அக்குபஞ்சர் பற்றி யாரும் எழுதாததால் என் அனுபவம். நான் இரண்டரை மாதத்தில் பன்னிரண்டு தடவை ஊசி போட்டுக்கொண்டேன். வலி முழுக்கப் போகவில்லை, ஆனால் கோலம் போட, குளித்துவிட்டுத் தலை துவட்ட, பஸ்ஸில் வால்பாறை போய்வர முடிந்தது. அமெரிக்காவில் 65 வயது தாண்டிய 800 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2025இல் வந்தது, மூன்று மாதத்தில் 8 முதல் 15 தடவை ஊசி போட்டவர்களுக்கு, வழக்கமான வைத்தியம் மட்டும் பார்த்தவர்களைவிட ஒரு வருடம் கழித்தும் அன்றாட வேலை செய்வது எளிதாக இருந்தது. பெரிய வித்தியாசம் என்று சொல்ல முடியாது, ஓரளவுதான். அந்த நாட்டு அரசுக் காப்பீடு 2020 முதல் இடுப்பு வலிக்கு மட்டும் அக்குபஞ்சருக்குப் பணம் கொடுக்கிறது.

ஒரு எச்சரிக்கை. நம் பக்கம் அக்குபஞ்சர் என்ற பெயரில் சிலர் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்கிறார்கள். அப்படிச் சொன்னால் அந்த நிமிடமே எழுந்து வந்துவிடுங்கள். ஊசி ஒருமுறை மட்டும் பயன்படுத்துவதாக, உங்கள் கண்முன்னே பிரிப்பதாக இருக்க வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும்.

மூச்சைக் கவனித்து உட்காருகிற தியானமும் செய்கிறேன். 65 தாண்டிய 282 பேரிடம் எட்டு வாரம் பழக்கிப் பார்த்து 2016இல் எழுதினார்கள், எட்டாவது வாரத்தில் நடமாட்டம் கூடியிருந்தது, ஆறு மாதத்தில் அந்தப் பலன் நிற்கவில்லை. எனக்கும் அப்படித்தான், விட்டால் போய்விடுகிறது, தினமும் பல் துலக்குகிற மாதிரி செய்ய வேண்டியிருக்கிறது. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு வலியோடு விழித்துக் கிடக்கும்போது அது ஒன்றுதான் என்னோடு இருக்கிறது.

கோபி தோட்டத்துக்காரன்

ஒன்பது வாரம் ஆகிவிட்டது, சொல்லாமல் இருந்தால் தப்பு என்று எழுதுகிறேன்.

காலில் ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது. டெக்ஸாவில் எலும்பு மெலிவு இருக்கிறது, அதற்குத் தனியாக வைத்தியம் ஆரம்பித்திருக்கிறோம். வீட்டுக்கு பிசியோ மாதம் ஒருமுறை வருகிறார், மீதி நாள் அப்பாதான் பக்கத்தில் நின்று எண்ணுகிறார், எண்ணிக்கையில் அவர் ஏமாற்றினால் அம்மா திட்டுகிறார். கையை ஊன்றாமல் எட்டுத் தடவை எழுந்து உட்காருகிறார். தடப்பள்ளி வாய்க்கால் கரையில் மூன்று இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து இருபது நிமிடம் போய் வருகிறார், ஐந்து வாரத்துக்கு முன் ஆறு நிமிடம். பெல்ட் வெளியூர் பஸ் பயணத்துக்கு மட்டும். வலி போய்விட்டதா என்றால் இல்லை, காலையில் எழுந்ததும் முதல் அரை மணி நேரம் இன்னும் கஷ்டம்தான், நடுவில் ஒரு வாரம் விருந்துக்கு உரம்பரை (சொந்தக்காரர்கள்) வந்தபோது அம்மா நின்று சமைத்து மறுபடி படுத்துவிட்டார், எல்லாம் போச்சு என்று நான் பயந்தேன், நாலாம் நாள் எழுந்துவிட்டார்.

இரண்டு வெள்ளாட்டுக் குட்டி வாங்கினேன். விடியற்காலை நான் போன் செய்தால் இப்போது எடுப்பதில்லை, தழை ஒடிக்கப் போயிருக்கிறார் என்று அப்பா சொல்கிறார்.

ஒரே ஒரு சந்தேகம் மட்டும். மார்கழிப் பனியில் விடியற்காலை நடந்தால் இடுப்பு இறுகுகிறது என்கிறார். நிறுத்தச் சொல்லட்டுமா?

பிசியோ, ஈரோடு

நிறுத்த வேண்டாம். எட்டு மணிக்கு வெயில் வந்தபிறகு போகட்டும், அதற்கு முன்னால் கட்டிலிலேயே முழங்காலை மடக்கி இரண்டு பக்கமும் மெதுவாகச் சாய்த்து ஐந்து நிமிடம் செய்துவிட்டு எழட்டும். காதுக்கு மப்ளர் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். வாய்க்கால் கரை பனியில் வழுக்கும், செருப்புக்கு அடிப்பிடிப்பு இருக்கிறதா என்று இந்த ஞாயிறு போகும்போது பாருங்கள்.